புற்றுநோய் மருத்துவரை முதன்முறை காணச் செல்வார்க்கு

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதம் நம் காரியதரிசி அவர்கள் என் இல்லம் போந்து, அடுத்த கூட்டத்தில் இலக்கியப் பொருள் ஏதேனும் ஒன்றுபற்றிப் பேசவேண்டும் என்றார்கள். யானும் இசைந்தேன். அதன்பின் ஒரு திங்களுக்குள், நம்மவருள் இரண்டு குடும்பத்தினர், ஒருவர் வந்தது மற்றவர்க்குத் தெரியாமல், விளக்கு வைத்தபின் என் வீட்டுக்கு வந்து தாழ்ந்த குரலில் ஒரே செய்தியைக் கூறினர். வீட்டில் ஒருவர்க்கு முற்றிய புற்றுநோய் என்று ரிப்போர்ட்டு வந்திருக்கின்றது. அடுத்த வாரம் பெரிய மருத்துவரைக் காணவேண்டும். எதை எடுத்துச் செல்வது, எதைக் கேட்பது, நோயாளியிடம் என்ன சொல்வது, ஒன்றும் விளங்கவில்லை என்பது அச்செய்தி. என்னிடம் அவர்கள் வந்ததற்குக் காரணம் உண்டு. என் தமையனார் அந்நோயினால் காலமானார். அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவன் யான். ஆதலின் இலக்கியத்தைப் பிறிதொரு நாளைக்கு ஒதுக்கிவைத்து, இதனையே ஈண்டுப் பேசத் துணிந்தேன்.

யான் மருத்துவன் அல்லேன். இலக்கணம் கற்பிக்கும் உபாத்தியாயன். இந்நோய்க்கு இம்மருந்து என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மருத்துவரின் அறைக்கதவுக்கு இப்பால் நாம் செய்யவேண்டுவனவற்றையே பேசுவேன். அவ்விடத்து யான் செய்த பிழைகள் பல. அவற்றை ஒளியாமற் கூறிவிட்டாற் கேட்போர்க்குப் பயன்படும் என்பது என் எண்ணம்.

2017ஆம் ஆண்டு என் தமையனார்க்கு ஐந்து மாதமாக இருமல் நிற்கவில்லை. புகையிலையை வாழ்நாளிலே தொட்டறியாதவர் அவர். முதலிற் சளி என்றனர். பின்னர்க் காசநோயாக இருக்கலாம் என்று மருந்து கொடுத்தனர். மூச்சுத் திணறல் மிகவே, நெஞ்சிலிருந்து நீரை ஊசியால் எடுத்துச் சோதித்து, நுரையீரலிலிருந்தும் ஒரு சிறு தசைத்துணுக்கை எடுத்துப் பார்த்தபோது, புற்று என்றும் அது நான்காம் நிலை என்றும் தெரியவந்தது. அத்தாளைக் கையில் வாங்கியவன் யானே. வாங்கிய அக்கணத்தில் யான் செய்த முதற்காரியம் அதனை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் மறைத்ததுதான். அண்ணனிடம், நெஞ்சிற் கெட்டியான சளி, சென்னையில் ஒரு மருத்துவரைக் காட்டிவிட்டு வரலாம் என்றேன். மதனியாரிடமும் பிள்ளைகளிடமும் ஒரு சொல்லும் வெளிவரலாகாது என்று கட்டளையிட்டேன். அதனை அன்பு என்றே நம்பினேன்.

நெல்லை விரைவு வண்டியில் இரவெல்லாம் பயணஞ் செய்து, காலையில் மருத்துவமனை வாயிலில் இறங்கினோம். உள்ளே சென்றதும் யான் மட்டும் முந்திக்கொண்டு செவிலியிடம், நோயின் பெயரை அவர் முன்னிலையிற் சொல்லவேண்டா என்று கேட்டுக்கொண்டேன். மருத்துவர் நடுவயதினர், பொறுமையுடையவர். அவர் என்னை நோக்கவே இல்லை. என் தமையனாரை நோக்கி, "ஐயா, உங்களுக்கு என்ன நோய் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள்?" என்றார். அண்ணன் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "சளி என்று தம்பி சொல்கிறான். ஆனால் வாயிலில் இருக்கும் பெயர்ப்பலகையை நான் வாசித்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன்" என்றார்.

அந்த அறையில் எனக்கு உண்டான நாணத்தை இன்றும் மறக்கக்கூடவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த, ஐம்பத்தெட்டு வயதுடைய, நாற்பதாண்டு கடை வைத்து வாணிகம் நடத்திய ஒருவரை ஒரு பெயர்ப்பலகையிலிருந்து மறைக்க முயன்றிருக்கின்றேன். ஐந்து நாட்களாக அவர் அறிந்தும் அறியாதவர்போல் இருந்திருக்கின்றார். எங்களைக் காக்க அவரும், அவரைக் காக்க நாங்களும் நடித்திருக்கின்றோம். அவ்வைந்து நாளும் அவர் அச்சத்தைத் தனியே சுமந்தார்.

திருக்குறளில் 95ஆம் அதிகாரம் மருந்து என்பது. அதன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு உறுப்பாகப் பகுத்திருக்கின்றார் ஆசிரியர்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என. உரையாசிரியராகிய பரிமேலழகர் இந்நான்கனுள் ஒவ்வொன்றனையும் மீண்டும் நான்கு வகையாக விரிக்கின்றார். நோயுற்றவனுக்கு அவர் கூறும் நான்கனுள் ஒன்று, தன் நோயின் நிலையைத் தானே மருத்துவனுக்கு உணர்த்துதல். இருபதாண்டுகளாக இதனை வகுப்பில் நடத்திவந்தேன். நோய் இன்னதென்று அறியாதவன் அதன் நிலையை எங்ஙனம் உணர்த்துவான் என்ற வினா எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அருகிருப்பவனுக்குரிய நான்கனுள்ளும் அன்பு மட்டும் சொல்லப்படவில்லை. அறிவும் உடன்வைத்துச் சொல்லப்பட்டிருக்கின்றது.

ஆகவே, மருத்துவரைக் காணுமுன் வீட்டில் முதலிற் செய்யவேண்டுவது நோயாளியோடு அமர்ந்து பேசுதல். கதவைச் சாத்திக்கொண்டு தீர்ப்புக் கூறுவதுபோற் கூறவேண்டா. "ரிப்போர்ட்டு வந்திருக்கிறது, அதில் உள்ளதைத் தாங்கள் அறிய விரும்புகிறீர்களா, எங்களிடமே விட்டுவிட விரும்புகிறீர்களா?" என்று கேட்டாற் போதும். சிலர் எல்லாவற்றையும் அறியவேண்டும் என்பர். சிலர் நோயின் பெயர் போதும், காலக்கணக்கு வேண்டா என்பர். சிலர், நீயே பார்த்துக்கொள் என்று ஒதுங்குவர். அதுவும் அவருடைய உரிமையே. இம்மூவகையினருள் தாம் யார் என்பதை அவரே சொல்லவேண்டும். நாம் தீர்மானித்தல் ஆகாது. அவர் சொன்னதை மருத்துவரிடம் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட்டால், அவர் அதற்கேற்பப் பேசுவார்.

இனி, எடுத்துச் செல்லவேண்டுவன. இதில் எங்களுக்கு நேர்ந்த இழப்பு பெரிதாதலின் சற்று விரிவாகச் சொல்கின்றேன். நாங்கள் தாள்களையெல்லாம் ஒரு மஞ்சட் பையில் திணித்துக்கொண்டு போனோம். மருத்துவர் தசைப்பரிசோதனைத் தாளை வாசித்துவிட்டு, "இதன் ஸ்லைடும் பிளாக்கும் எங்கே?" என்றார். அவ்விரு சொற்களையும் யான் அன்றுதான் கேள்வியுற்றேன். உடம்பிலிருந்து எடுத்த தசைத்துணுக்கை மெழுகில் அமிழ்த்தி ஒரு சிறு கட்டியாக்கி, அதிலிருந்து மிக மெல்லியதாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டிச் சாயமூட்டி நுண்ணாடியிற் பார்க்கின்றனர். அக்கட்டியே பிளாக்கு, அச்சில்லே ஸ்லைடு. பரிசோதனை செய்த இடத்தில் இவை பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும். கேட்டு எழுதிக்கொடுத்தாற் பெற்றுக்கொள்ளலாம். நாங்கள் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று எவரும் சொல்லவுமில்லை.

அது ஏன் அத்துணை முக்கியம் எனின், நுரையீரற் புற்று எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சிலருடைய கட்டியின் அணுக்களில் இ.ஜி.எப்.ஆர். என்னும் மரபணு திரிந்திருக்கும். புகையறியாத ஆசிய நாட்டினர்க்கு இத்திரிபு மிகுதியாகக் காணப்படுகின்றது. அவர்களுக்கு நாள்தோறும் உண்ணும் மாத்திரை ஒன்று உண்டு. கிழக்காசியாவில் 1217 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, அத்திரிபு உள்ளவர்க்கு ஊசிவழி ஏற்றும் மருந்தினும் கெஃபிடினிப் என்னும் மாத்திரை நோயை நெடுநாள் அடக்கிவைத்தது என்றும், திரிபு இல்லாதவர்க்கு அதே மாத்திரை ஊசிமருந்தினும் மிகத் தாழ்ந்த பயனையே தந்தது என்றும் காட்டிற்று. ஆதலின் மருத்துவர் ஊகித்து மருந்து கொடுத்தல் இயலாது. கட்டியைச் சோதித்தே கொடுத்தல் வேண்டும். தீப்பெட்டியளவும் இல்லாத அம்மெழுகுக் கட்டிக்காக யான் மறுபடியும் ஊருக்குத் திரும்பி, அதனைப் பெற்று, மீண்டும் இரவு வண்டி ஏறினேன். விடுமுறை நாட்களும் இடையில் வந்தன. சோதனையின் முடிவு கிடைப்பதற்குள் ஒரு மாதம் கழிந்தது. அம்மாதம் முழுதும் அண்ணன் தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடியே உறங்கினார்.

எனவே, ஸ்லைடு, பிளாக்கு இரண்டனையும் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் எடுத்திருந்தால் அதன் அறிக்கைத்தாள் மட்டும் போதாது. படங்களையோ அவை பதிந்த தட்டையோ கொண்டுசெல்லவேண்டும். மருத்துவர்கள் பிறர் எழுதியதை வாசிப்பதைவிடத் தாமே படத்தைப் பார்க்கவே விரும்புவர். இரத்தப் பரிசோதனைகள், முன்பு படுத்திருந்த மருத்துவமனைகளின் விடுவிப்புக் குறிப்பு ஆகியவற்றைத் தேதி வரிசையாக அடுக்கி நூலாற் கட்டிவிடுங்கள். மேலே ஒரு தனித்தாளில், எந்த மாதம் எது தொடங்கியது, உடல் எடை எவ்வளவு குறைந்தது, நீரிழிவு, இரத்தக்கொதிப்பு முதலியன உண்டா, எந்த மருந்து ஒவ்வாது என்பனவற்றைப் பத்து வரியில் எழுதிவையுங்கள். கூட்டமான மருத்துவமனையில் மருத்துவர் நமக்குத் தரக்கூடியது சில நிமிஷங்களே. அதில் ஐந்து நிமிஷத்தைக் காகிதம் தேடுவதிற் கழித்தல் தகுமோ?

உண்ணும் மருந்துகளின் பட்டியலில் நாட்டுமருந்தையும் சேர்க்கவேண்டும். இதிற் பலர் நாணுகின்றனர். மருத்துவர் சினப்பார் என அஞ்சி, பற்பத்தையும் கஷாயத்தையும் மறைக்கின்றனர். சித்த மருத்துவத்தை இகழ்வது என் கருத்தன்று. என் பாட்டனார் அதிலே பயின்றவர். ஆனால் இரண்டு மருந்து ஓர் உடம்பிற் சேரும்போது ஒன்று மற்றொன்றன் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடும். ஈரலும் சிறுநீரகமும் இரண்டனையும் தாங்கவேண்டும். சொல்லாமல் உண்பதே தீது.

இன்னுமொன்று. அன்பு மிகுதியால் நாங்கள் அண்ணனை வாயிலிலிருந்தே சக்கரநாற்காலியில் அமர்த்தித் தள்ளிச்சென்றோம். மருத்துவர் அவரை எழுந்து நடக்கச் சொன்னார். அவர் நன்றாகவே நடந்தார். நோயாளி தன் வேலையைத் தானே செய்கின்றாரா, பகற்பொழுதில் எவ்வளவு நேரம் படுக்கையிற் கிடக்கின்றார் என்று பார்த்து, 0 முதல் 4 வரை எண் இட்டு, மருந்தைத் தாங்கும் வலிமையை மருத்துவர்கள் மதிப்பிடுகின்றனர் என்று பின்னர் அறிந்தேன். ஆகவே நடக்கக்கூடியவரை நடக்க விடுங்கள். நடக்க இயலாதவரை வீறாப்பாக நடத்திக்காட்டவும் வேண்டா. வீட்டில் எப்படி இருக்கின்றாரோ அப்படியே அங்கும் இருக்கட்டும்.

சர்க்கரையைப் பற்றியும் ஒரு சொல். நம் உறவினர் ஒருவர், இனிப்பு உண்டால் புற்று வளரும் என்று அண்ணனுக்குக் காப்பியில் சர்க்கரையை நிறுத்தி, பழத்தை நிறுத்தி, பின்பு சோற்றையும் பாதியாக்கினார். பெட் ஸ்கேன் என்னும் சோதனையில் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரைப் பொருளை உடம்பிற் செலுத்தினால், புற்றணுக்கள் அதனை மிகுதியாக உண்டு படத்தில் ஒளிர்கின்றன என்பது மெய்யே. ஆனால் நாம் வாயை அடைத்தாலும் உடம்பு தானே சர்க்கரையை உண்டாக்கி இரத்தத்தில் வைத்துக்கொள்ளும். புற்றுப் பட்டினி கிடவாது, மனிதனே மெலிவான். மெலிந்தவன் மருந்தைத் தாங்கான். நீரிழிவு உடையவர் தம் மருத்துவர் சொன்ன பத்தியத்தையே காக்க. ஏனையோர் உண்ணக்கூடியதை உண்க.

உடன் செல்வோர் எத்தனை பேர்? எங்களோடு ஏழு பேர் வந்தனர். ஏழு பேரும் ஏழு விதமாகக் கேட்டுக்கொண்டு திரும்பினர். வண்டியில் அதுபற்றி வாக்குவாதமும் நிகழ்ந்தது. இருவர் போதும். ஒருவர் நோயாளியின் பக்கத்தில் அமர்ந்திருக்க, மற்றவர் கையில் ஏட்டை வைத்துக்கொண்டு எழுதவேண்டும். கைப்பேசியிற் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டாற் சில மருத்துவர்கள் இசைவர். கொடிய செய்தியைக் கேட்ட மனம் அதன்பின் சொல்லப்படும் பத்துச் சொல்லில் எட்டினை வாங்குவதில்லை. எழுதியது மட்டுமே வீடு வந்து சேரும்.

இனி, கேட்கவேண்டிய வினாக்கள். இங்கே தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு சொல்லைப்பற்றி எச்சரிக்கவேண்டியவன் ஆகின்றேன். நம் பேச்சில் குணம் என்னும் சொல் இரண்டு பொருள்படும். நோய் அடியோடு நீங்குவதும் குணமே. நேற்றைக்கு இன்று சிறிது தாழ்வில்லை என்பதும் குணமே. "குணமாகுமா?" என்று நாம் ஒரு பொருளிற் கேட்கின்றோம், "மருந்து நன்றாகக் கேட்கும்" என்று மருத்துவர் மற்றொரு பொருளில் விடை கூறுகின்றார். கட்டி பாதியாகச் சுருங்கினாலும் மருந்து கேட்டது என்பதே அவர் வழக்கு. நோய் போய்விட்டது என்பது அதன் பொருளன்று. எங்கள் மதனியார் அச்சொல்லைக் கேட்டு, ஊர் திரும்பியதும் கோவிலில் அபிஷேகத்துக்குச் சொல்லிவைத்தார்கள். ஆதலின் வினாவைப் பிரித்துக் கேளுங்கள்: இந்த மருத்துவத்தின் நோக்கம் நோயை முற்றும் நீக்குவதா, அடக்கிவைப்பதா, துன்பத்தைத் தணிப்பதா? இம்மூன்றனுள் எது என்பதை அறிந்தபின்னரே ஏனைய வினாக்களுக்குப் பொருள் உண்டு.

நான்காம் நிலை என்ற சொல்லும் அத்தகையதே. நோய் தோன்றிய இடத்தைவிட்டுத் தொலைவில் உள்ள உறுப்புக்களுக்குப் பரவிவிட்டது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். நுரையீரலிலிருந்து எலும்புக்குப் போனாலும் அது நுரையீரற் புற்றே. அதற்குரிய மருந்தே கொடுக்கப்படும். தொலைவிற் பரவிய பின்னும், விதையிற் பிறந்த புற்றுப் பலர்க்கு முற்றும் நீங்குகின்றது. மார்பகத்திலும் புரோஸ்டேட்டு சுரப்பியிலும் பிறந்தது பலர்க்குப் பல்லாண்டு அடங்கியிருக்கின்றது. கணையத்திற் பிறந்தது பெரும்பாலும் அங்ஙனம் அடங்குவதில்லை. ஆதலின் பக்கத்து வீட்டாரின் கதையைக் கேட்டு நம்பிக்கை கொள்வதும், நம்பிக்கை இழப்பதும் வீண். எங்கே பிறந்தது, எங்கெங்கே பரவியது, என்ன வகை என்று நம்முடையதைக் கேட்கவேண்டும்.

மருந்தை ஏற்றுக்கொண்டால் எவ்வளவு காலம் பயன் எதிர்பார்க்கலாம், ஏற்காவிட்டால் என்ன நிகழும், மாதத்தில் எத்தனை நாள் மருத்துவமனையிற் கழியும், செலவு எவ்வளவு, நள்ளிரவிற் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது என்பனவும் கேட்கத்தக்கனவே. கடைசியாகச் சொன்னதை அற்பமென்று விடாதீர்கள். ஊசிமருந்து ஏற்றிக்கொண்டவர்க்கு வெள்ளணு குறைந்திருக்கும்போழ்து காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டை எட்டினால், விடியட்டும் என்று காத்திருத்தல் உயிர்க்கே கேடாம்.

வலிதணிப்பு மருத்துவரையும் காணவேண்டுமா என்று முதல்நாளே கேளுங்கள். அப்பெயரைக் கேட்டதும், கைவிட்டுவிட்டார்கள் என்று நம்மவர் கலங்குகின்றனர். யானும் கலங்கினேன். அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில், பரவிய நுரையீரற் புற்றுடைய 151 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினர்க்கு வழக்கமான மருத்துவத்தோடு தொடக்கத்திலிருந்தே இத்தணிப்பு மருத்துவத்தையும் சேர்த்தனர். 2010இல் வெளியான அதன் முடிவில், அப்பிரிவினர் மனச்சோர்வு குறைந்தவராய் இருந்ததோடு, நடுக்கணக்கில் 11.6 மாதம் வாழ்ந்தனர், மற்றவர் 8.9 மாதம். மருந்தை நிறுத்திவிட்டுத் தொடங்குவதன்று அது. மருந்தோடு சேர்ந்தே நடப்பது. அண்ணனுக்கு இரவில் மூச்சும் இருமலும் தணிந்து உறக்கம் வந்தது அம்மருத்துவரால்தான்.

பொருட்செலவைப்பற்றி நீள உரைக்கப்போவதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், வருமான வரம்புக்குட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அதற்கு முன்னதாகவே அனுமதி பெறவேண்டுமாதலின், அட்டையை முதல்நாளே கொண்டுசெல்க. மருத்துவத்துக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன்செல்லும் ஒருவர்க்கும் ரயிலிற் கட்டணச்சலுகை உண்டு. மருத்துவமனையின் சான்றிதழ் வேண்டும்.

இவ்வளவும் கூறியபின், விளக்கு வைத்தபின் வந்த அவ்விரு குடும்பத்தினர்க்குத் திரும்புகின்றேன். ஏன் இருட்டில் வந்தனர்? இருவர் வீட்டிலும் மணமாகாத பெண் உண்டு. புற்றுநோய்க் குடும்பம் என்று பெயர் வந்தால் வரன் வாராது என்ற அச்சம். அன்பர்களே, அவ்வச்சத்தை உண்டாக்கியவர்கள் வேறு எவருமல்லர்; இக்கூடத்தில் அமர்ந்திருக்கும் நாமே. சாதகம் பார்க்கும்போது அந்த வீட்டில் அந்நோய் உண்டாமே என்று காதிற் சொல்வோர் நாமே. இந்நோய் ஒட்டுவதன்று. பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து என்பதே மருத்துவர் கணக்கு. அவ்வகையென ஐயுற்றால், முன்னரே அறிந்து காத்துக்கொள்ளும் சோதனையும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்ததை மறைக்கவில்லை; அத்துயரத்திலிருந்தே 1954இல் அடையாற்றில் மருத்துவமனை எழுந்தது. நாமோ மறைக்கின்றோம். மறைப்பதால் துணைக்கு ஆளில்லை. ஸ்லைடு வாங்கவேண்டும் என்று சொல்ல ஆளில்லை. அனுபவப்பட்டவன் அடுத்த தெருவில் இருந்தும் பயனில்லை.

பிளாக்கின் சோதனையில் அண்ணனுக்கு அத்திரிபு இருப்பது தெரிந்து, மாத்திரை தொடங்கினர். பத்தொன்பது மாதம் இருந்தார். அதிற் பதினான்கு மாதம் கடைக்குப் போய்வந்தார். இரண்டாம் முறை மருத்துவரைக் காணச் சென்றபோது வினாக்களை யான் எழுதவில்லை. அவரே கணக்கு எழுதும் தாளில் எழுதிக்கொண்டு வந்தார். முதல் வினா, தென்னந்தோப்பின் பத்திரத்தை இந்த ஆண்டிலேயே பிள்ளைகள் பெயரில் எழுதிவிடவேண்டுமா என்பது. மருத்துவர் அதனை வாசித்து, எழுதிவிடுவது நல்லது என்றார். அண்ணன் தலையசைத்துவிட்டு, இரண்டாம் வினாவைக் காட்டினார்.

அத்தாளிலிருந்த வினாக்களோடு யான் இன்று சொன்னவற்றையும் சேர்த்து ஒரு பக்கமாக எழுதிக் காரியதரிசி அவர்களிடம் கொடுத்திருக்கின்றேன். வேண்டுவோர் படி எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனைக்குத் துணை வேண்டுவோர் பகலிலேயே என் வீட்டுக்கு வருக. சனி ஞாயிறுகளில் யான் வருவேன். பள்ளி நாளாயின் இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வருவேன்.